பழைய படங்களும் நமது தீர்ப்பும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் இல்லங்களில் மாலைதோறும் நடைபெறும் வழக்கு விசாரணைகளுக்குக் கணக்கில்லை. வழக்குத் தொடுத்தவர் எவருமில்லை; எதிரியின் சார்பில் தோன்ற அப்புக்காத்தும் இல்லை. கூண்டில் நிற்பது ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு திரைப்படம். தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ படம் ஓடத் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகுமுன், கையிலுள்ள தேநீர் ஆறுமுன், தீர்ப்பு வெளிவந்துவிடுகிறது. "சுத்த இழுவைப் படம்", "நாடகம் பார்த்த மாதிரி இருக்கிறது", "நம்முடைய ஆட்களுக்குப் படம் எடுக்க எங்கே தெரியும்" என்பன அத்தீர்ப்பின் வாசகங்கள். தீர்ப்போடு படமும் நிறுத்தப்படுகிறது. மேன்முறையீட்டுக்கு இடமே இல்லை.

அரசியல் ஏடொன்றில் இதனைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காணிப் பிரச்சினை தீரவில்லை; மொழியுரிமை சட்டப் புத்தகத்திலிருந்து கந்தோர் மேசைக்கு முழுமையாக வந்து சேரவில்லை; உழவனின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நியாய விலை கேட்டு ஒவ்வொரு போகமும் குரல் எழுப்ப வேண்டியிருக்கிறது. இவற்றுக்கிடையே வீட்டிலிருந்து பார்த்த பழைய படத்தைப் பற்றிய பேச்சுக்கு என்ன மதிப்பு?

மதிப்பு உண்டு என்பதே நமது வாதம். சிறுபான்மையாக வாழும் ஓர் இனம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்த சான்றுகள் மிகச் சில. அவற்றுள் திரைப்படமும் ஒன்று. அச்சான்று எஞ்சி நிற்குமா, அழிந்து மறையுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை அரசாங்கத்தின் தலையில் மாத்திரம் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வீட்டுக் கூடத்தில் வழங்கப்படும் அலட்சியத் தீர்ப்பும் அதனைத் தீர்மானிக்கிறது. எவரும் விரும்பாத பொருளைப் பேணுவதற்கு எவரும் முன்வருவதில்லை அன்றோ?

படமாளிகையிலிருந்து வீட்டுக்கு

இந்நாட்டின் சினிமா வரலாற்றில் தமிழரின் கை எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை இளந்தலைமுறையினர் அறியார். 1928 ஆம் ஆண்டில் சிலோன் தியேட்டர்ஸ் கொம்பனியைத் தோற்றுவித்தவர் சேர் சிற்றம்பலம் கார்டினர். கொழும்பில் அவர் பெயரைத் தாங்கிய வீதியில் நாள்தோறும் நடப்பவர்களுள் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அப்படம் உருவானதும் மதுரையிலிருந்த அவருடைய சித்ரகலா மூவிடோனிலேயே. சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனத்தையும் ஹெந்தளையில் விஜயா கலையகத்தையும் வளர்த்தெடுத்தவர் கே. குணரத்தினம். ஆர். முத்துசாமியும் எம். ரொக்சாமியும் இசையமைத்த சிங்களப் பாடல்களைச் சிங்கள மக்கள் இன்றும் நெஞ்சில் வைத்துப் போற்றுகின்றனர்.

மறுபுறத்தையும் மறைக்காது சொல்வதே நேர்மை. இந்நாட்டின் முதல் தமிழ்ப் படமெனக் கொள்ளப்படும் 'சமுதாயம்' 1962 இல் வெளிவந்தது. பதினாறு மில்லிமீற்றர் சுருளில் அதனை எடுத்தவர் ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களவர். முதற் சிங்களப் பேசும்படத்தைத் தமிழர் தயாரித்தார். முதல் தமிழ்ப் படத்தைச் சிங்களவர் இயக்கினார். மொழியைக் காரணங்காட்டி மக்களைப் பிரித்தாள முனைந்த அரசியல்வாதிகள் இந்த ஒரு செய்தியையாவது அறிந்திருந்தால் நாடு இந்நிலைக்கு வந்திராது.

அக்காலத்தில் ஒரு படத்தின் விதியைத் தீர்மானித்தது படமாளிகை. வெள்ளவத்தைச் சவோயிலோ கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலிலோ நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தவன், கொடுத்த காசுக்காகவேனும் கடைசிவரை அமர்ந்திருந்தான். பிடிக்காத படத்தையும் முழுமையாகப் பார்த்துவிட்டே திட்டினான். 1979 இல் இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. அதனைத் தொடர்ந்து ஒளிநாடாவும், பின்னர் இறுவட்டும், இப்பொழுது கைத்தொலைபேசியும் வந்துள்ளன. படமாளிகை வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது. பார்ப்பவன் விரல் பொத்தானின் மேல் இருக்கிறது. முழு வழக்கையும் கேட்கவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

இதனால் விளைந்த நன்மையும் உண்டு. படமாளிகை ஒதுக்கித் தள்ளிய படத்தை வீடு மீட்டெடுக்க முடியும். ஆகவே வீட்டிலிருந்து பார்ப்பதை நாம் குறைகூறவில்லை. வீட்டிலிருந்து வழங்கும் தீர்ப்பு நியாயமாக இருக்கவேண்டும் என்றே கேட்கிறோம். மறுதரப்பையும் கேட்காமல் எவரையும் தண்டிக்கலாகாது என்பது நீதித்துறையின் முதற் பாடம். மனிதனுக்குப் பொருந்தும் இந்த விதி அவன் ஆக்கிய கலைக்கும் பொருந்தும்.

சில வழக்குகள்

முதலில் தமிழகத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏ. வி. எம். நிறுவனத்தார் 1954 இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. சென்னை நகர்மீது யப்பானியர் குண்டு வீசிய போர்க்காலம். கதாநாயகன் சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே கொலையுண்டு கிடக்கிறான். அவன் நாட்டுக்குத் துரோகம் செய்தவன் என்பது பின்னர் வெளிப்படுகிறது. கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் அளிக்கும் சாட்சியம் வேறொருவரைச் சுட்டுகிறது. அன்றைய இரசிகர்கள் பாட்டில்லாத படத்தை வரவேற்கவில்லை. வசூலில் படம் தோற்றது. இன்று வீட்டில் அதனைப் பார்ப்பவர் இடையில் எழுந்து செல்வது அரிது. சட்டம் பயிலும் மாணவர் எவரும் சாட்சியத்தின் நிலையாமையைக் கற்றுக்கொள்வதற்கு அதனைக் காட்டிலும் சுவையான பாடம் கிடையாது. படமாளிகையின் தீர்ப்பு அன்று பிழைத்தது. வீட்டின் தீர்ப்பு அதனைத் திருத்தியது. மேன்முறையீட்டின் பெருமை இதுவே.

இனி நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம்.

கட்டிடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்து 1972 இல் வெளிவந்த 'குத்துவிளக்கு', யாழ்ப்பாணத்து உழவர் குடும்பத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம். சென்னைப் படத்தின் பளபளப்பு அதில் இல்லை என்பார்கள். உண்மை. ஆனால் செம்மண்ணும் பனையும் வேலியும் ஒப்பனையின்றித் திரையில் தோன்றும்போது, வீட்டை விட்டுக் கொழும்புக்கு வந்து தொடர்மாடியில் வாழும் ஒரு வயோதிப உழவனின் கண்ணில் நீர் துளிர்க்கிறதே, அதற்கு விலை என்ன? அன்றிருந்த அந்த ஊர்களுட் பல போரினால் உருமாறிவிட்டன. இடம்பெயர்ந்தவன் திரும்பிச் சென்றால் வேலி இருந்த இடமும் தெரிவதில்லை. அவ்வூர்களின் பழைய முகத்தை அசையும் படமாகக் காட்டவல்ல சான்றுகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன?

1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்' இலங்கை வானொலியில் ஒலித்த நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்தது. மரிக்கார் ராம்தாசும், அப்புக்குட்டி ராஜகோபாலும், உபாலி செல்வசேகரனும் சிரிக்கவைத்தார்கள். கதை மெலிந்தது; நகைச்சுவை உரத்த குரலுடையது. ஆயினும் யாழ்ப்பாணத்தவர், முஸ்லிம்கள், தமிழகத்து வழிவந்தோர், சிங்களவர் ஆகியோர் இந்நாட்டில் தமிழைப் பேசும் வகைகள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அதில் ஒலிக்கின்றன. கொட்டாஞ்சேனையின் எந்தச் சந்தியிலும் அன்று கேட்ட ஓசை அது. மொழி ஆராய்ச்சியாளன் ஒருவன் இன்று அந்த ஓசையைத் தேடிப் போனால் வேறெங்கே போவான்? கலையாகப் பார்த்தால் சராசரி. ஆவணமாகப் பார்த்தால் அரியது என்பதே நமது கருத்து.

'பொன்மணி' வேறு வகையானது. காவலூர் ராஜதுரை எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கி 1977 இல் வெளியான அப்படம், யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சீதனச் சுமையையும் சாதிப் பிடிவாதத்தையும் அஞ்சாது காட்டுகிறது. சாதி கடந்து காதலித்த பெண் உயிரிழக்கிறாள். படம் வந்த காலத்தில் வசூலில் வெற்றி காணவில்லை. இன்று அதனைத் தேடிப் பார்ப்போர் ஒரு சிறு கூட்டமாகக் கூடியுள்ளனர்; விமர்சகர்கள் அதனை இந்நாட்டுத் தமிழ்ப் படங்களின் முதல் வரிசையில் வைக்கின்றனர். ஆயினும் வீட்டில் அதனைக் காட்டினால் எழும் முதல் முறைப்பாடு "மெதுவாகப் போகிறது" என்பதே. மெதுவாகத்தான் போகிறது. சீதனம் தேடி மகளை வீட்டில் வைத்திருக்கும் தகப்பனுக்கு நாட்கள் வேறு எவ்வாறு போகும்? அவ்வீட்டில் நேரம் நகர்வதே பாரம் என்பதை உணர்த்துவதற்கு அந்த மெதுவான நடை வேண்டியிருக்கிறது. சிங்களவர் ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து நம் சாதியைச் சுட்டிக்காட்டினார் என்று மனம் புண்பட்டோர் அன்று இருந்திருக்கலாம். நோயைச் சொன்ன வைத்தியனின் மொழி எதுவாயினும் நோய் நம்முடையது. சீதனமும் சாதியும் இன்று ஒழிந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லவல்லவர் மாத்திரம் அப்படத்தைப் பழையது என்று ஒதுக்கட்டும்.

செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய 'வாடைக்காற்று' 1978 இல் வந்தது. வாடை பெயரும் காலத்தில் தொழில் தேடி வரும் மீனவரின் வாழ்வைச் சொல்லும் அப்படத்துக்காகக் கமெரா பேசாலைக் கடற்கரைக்குச் சென்றது. நடிப்பில் ஏற்றத்தாழ்வு உண்டு. பாடற் காட்சிகளில் சென்னையின் நிழல் தெரிகிறது. கடலும் வலையும் தோணியும் மாத்திரம் எவருடைய நிழலும் அல்ல. மன்னாரின் மீனவர் கடலில் தம் உரிமைக்காக இன்றும் போராடுகையில், அவர்தம் தந்தையர் அக்கடலில் வாழ்ந்த வகையை அறிய விரும்புவோர் இதனைப் பார்ப்பது நலம்.

இப்படங்கள் யாவும் குறையற்றவை என்று நாம் வாதிடவில்லை. பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது, பழையது என்பதற்காகவே ஒன்றை இகழ்வதைப் போலவே அறிவீனம். அக்காலப் படங்கள் பலவற்றில் பெண்ணை அழவைத்தே பெருமை தேடினார்கள். சென்னைப் படத்தைப் பார்த்துப் பிரதி செய்தவையும் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். தோற்ற கட்சிக்காரனின் பத்திரங்களையும் நீதிமன்றம் கிழித்தெறிவதில்லை. வழக்கேட்டில் வைத்துப் பேணுகிறது. பின்னொரு நாள் உண்மையை அறிய அவையும் வேண்டும். நாம் கேட்பதும் அத்தகைய பேணலே.

இருவகை நெருப்பு

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அதனை நாம் மறக்கவில்லை, உலகமும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆனால் இரண்டு ஆண்டுகளின் பின் எரிந்த இன்னொரு நூலகத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 1983 யூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது தமிழருக்குரிய படமாளிகைகளும் எரிந்தன. ஹெந்தளை விஜயா கலையகமும் எரிந்தது. அங்கிருந்த படச்சுருள்களும் நெருப்புக்கு இரையாயின. அந்த நெருப்பு தமிழ்ச் சுருள், சிங்களச் சுருள் என்று பேதம் பார்க்கவில்லை. வன்முறையாளர் தமது மொழியின் செல்வத்தையும் தாமே எரித்தனர்.

அந்த நெருப்பைக் கண்ணால் கண்டோம். கண்ணுக்குத் தெரியாத நெருப்பு ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. 1950 களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றும். அதன்பின் வந்த அசற்றேற்றுச் சுருள் தீப்பற்றாதெனினும் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் உள்ளிருந்தே சிதைந்து, வினாகிரி மணம் வீசி, சுருங்கி முறுகிவிடும். வர்ணப் படத்தின் நிறங்கள் மங்கும். வீட்டு அலுமாரியில் உறங்கும் ஒளிநாடாவோ பூஞ்சணம் பிடித்து, ஓட்டும் இயந்திரமும் அகப்படாமல் பயனற்றுப் போகிறது. கடலோரத்து உப்புக்காற்றும் புழுக்கமும் நிறைந்த கொழும்பில் இச்சிதைவு மேலும் விரைவானது. எதிரி வைத்த நெருப்புக்குத் தப்பியவை நமது அசட்டையினால் அழிவதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது?

பெரிய நாடுகளும் இந்த இழப்புக்கு விலக்கல்ல. 1918 இல் நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப் படம் 'கீசகவதம்' இன்று இல்லை. 1931 இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. கோடிக்கணக்கான தமிழர் வாழும் தமிழகம் தன் முதற் பிள்ளையின் முகத்தைப் பார்க்கமுடியாத நிலையில் இருக்கிறது. இந்திய அரசாங்கம் 1964 இல் புனே நகரில் தேசிய திரைப்படக் காப்பகத்தை நிறுவியபோது பல படங்கள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. அங்குமிங்கும் அலைந்து எஞ்சிய சுருள்களைத் தேடிச் சேர்த்த பி. கே. நாயர் என்ற ஒரு மனிதரின் பிடிவாதமே எத்தனையோ படங்களைக் காப்பாற்றியது.

சட்டமும் உரிமையும்

1885 ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம், இந்நாட்டில் அச்சாகும் நூலின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்று விதித்தது. அந்நியன் ஆண்ட காலத்திலேயே நூலுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு திரைப்படத்துக்கும் ஐயத்துக்கிடமின்றிச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். 1972 இல் இயங்கத் தொடங்கிய திரைப்படக் கூட்டுத்தாபனம் எல்லா மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. தமிழ்ப் படங்களைத் தேடிப் பேணும் கடமை அதற்குச் சலுகையாக அன்றி உரிமையாகவே உண்டு. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை, தன் பண்பாட்டைத் துய்க்கவும் வளர்க்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் அளிக்கிறது. துய்ப்பதற்குப் பொருளே எஞ்சாவிடின் துய்க்கும் சுதந்திரம் வெறும் கடதாசியன்றி வேறென்ன?

சுமித்ரா பீரிஸ் அம்மையார் 1978 இல் எடுத்த 'கெஹெனு லமயி' புத்துயிரூட்டப்பட்டு 2025 இல் பிரான்சின் கான் நகரத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அது கண்டு நாமும் மகிழ்கிறோம். அது இந்நாட்டின் பெருமை. அதே 1978 இல் வெளிவந்த 'வாடைக்காற்று' அத்தகைய கவனிப்புக்கு அருகதையற்றதா? கேட்டால் கிடைக்கும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். கேளாதார்க்குக் கிடையாது என்பது மாத்திரம் உறுதி.

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி திரைப்படத்தின் பொருளாதார உரிமை அது வெளிவந்ததிலிருந்து எழுபது ஆண்டுகள் நீடிக்கும். அக்கணக்கில் 1978 இன் படத்துக்கு 2048 வரை உரிமை உண்டு. அதற்குள் சுருள் மக்கிவிடும்; உரிமை காலாவதியாகுமுன் உடைமை காலாவதியாகிவிடும். தயாரித்தவர்களுட் பலர் மறைந்துவிட்டனர். வாரிசுகள் கடல்கடந்து வாழ்கின்றனர். அவர்களைத் தேடிக் கண்டு, எழுத்தில் சம்மதம் பெற்று, முறையான பிரதி எடுப்பதே நேரிய வழி. எவரோ துண்டாடி எங்கோ ஏற்றிவிட்ட மங்கற் பிரதியோடு திருப்தியடைவது, உழைத்தவனுக்கும் அநீதி, படத்துக்கும் அநீதி. மங்கற் பிரதியைப் பார்த்துவிட்டுப் படம் தெளிவில்லை என்று தீர்ப்பளிப்பது அதனிலும் பெரிய அநீதி.

செய்யவேண்டியவை

வீண்பேச்சால் ஒரு சுருளும் மீளாது. செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறி அமைவோம்.

முதலாவது, தேடல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மலைநாட்டிலும் பழைய ஒளிநாடா, படச்சுருள், விளம்பரத் தாள், பாட்டுப் புத்தகம் எதனை வைத்திருப்போரும் அதனைக் குப்பையில் போடாதிருப்பாராக. வீடு மாறும்போதும் மூத்தோர் மறையும்போதும் முதலில் வீசப்படுவன இவையே.

இரண்டாவது, பதிவு. அப்படங்களில் நடித்தவர், பாடியவர், விளக்குப் பிடித்தவர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நினைவுகளை எழுதி வைப்பது ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யை எழுதி வழிகாட்டியிருக்கிறார். அவ்வழியில் நடக்கப் பலர் வேண்டும்.

மூன்றாவது, கோரிக்கை. சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் எந்திரிகளும் கணக்காளரும் தத்தம் சங்கங்களின் மூலமும், நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் சபையிலும் ஒரே குரலில் கேட்கட்டும்: திரைப்படத்துக்குச் சட்டபூர்வ ஒப்படைப்பு வேண்டும், குளிரூட்டிய காப்பகம் வேண்டும், அதில் தமிழ் அறிந்த அலுவலர் பணிபுரியும் தமிழ்ப் பிரிவு வேண்டும்.

நான்காவது, எளிதானது, செலவற்றது. மாதத்தில் ஒரு மாலை, நம் நாட்டுப் பழைய படம் ஒன்றைக் குடும்பத்தோடு முழுமையாகப் பாருங்கள். பார்த்தபின் திட்டுங்கள், பாராட்டுங்கள், பிள்ளைகளோடு வாதாடுங்கள். அப்பிள்ளைகள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், ஓர் ஊரின் பெயரைக் கேட்டால், சொல்லிக் கொடுங்கள்.

உழவர் பெருமக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் பசியோடு படுத்தானேயன்றி விதைநெல்லை உண்டவன் நல்ல கமக்காரன் அல்லன். கையிலுள்ள நெல் சிறுத்ததா, பருத்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் எலி மூட்டையைத் தின்றுவிடும். முதலில் மூட்டையைப் பத்திரப்படுத்துவோம். தரம் பிரிப்பதற்குப் பின்னர் காலம் உண்டு.